பைபர் போட்டுல பழைய கார்ப்பெட்டு பசை: சொரண்டவா, உருக்கவா, கரைக்கவா, அரைக்கவா? பொறவு எத வச்சு ஒட்ட?

கொல்லம், கொச்சி பக்கம் பழைய ஸ்பீட் போட்டு சல்லிசா கெடைக்குன்னு கேள்விப்பட்டு வாங்கி, புளியரை வளைவுல லாரிக்காரர் உசுரக் கையில புடிச்சு எறக்கிக் கொண்டாந்து வீட்டு முன்னால நிறுத்துன பொறவுதான் நம்ம ஆளுக உள்ள கெடக்க கார்ப்பெட்டயே பாக்காங்க. பாத்ததும் ஒரு நாத்தம். சரி கிழிச்சு எறிவோம்னு ஒரு மூலையப் புடிச்சு இழுத்தா மேல உள்ள துணி மட்டும் கையோட வருது, அடியில இருந்த ரப்பரும் பசையும் கருப்பா, அங்கங்க மஞ்சளா, பலாப்பால் காஞ்ச மாதிரி தரையில அப்படியே நிக்கு. உடனே எனக்கு போனு. "அண்ணாச்சி, இத எத வச்சு எடுக்க, தின்னரா, ஹீட் கன்னா, கிரைண்டரா?"

நான் ராதாபுரம் பக்கம் பைபர் வேலை பாக்கேன். வள்ளத்துல ஓட்டை அடைக்கதுல இருந்து தண்ணி டேங்கு, பாத்ரூம் கதவு, பார்க்குல புள்ளைய சறுக்குத சறுக்கு வரைக்கும் எல்லாம் உண்டு. நம்ம கடக்கரையில உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைன்னு எங்க பாத்தாலும் பைபர் வள்ளம்தான், ஆனா ஒண்ணுலயும் கார்ப்பெட்டு கெடையாது, மீன் செதிலும் உப்புத்தண்ணியும் உள்ள எடத்துல யாரு துணி விரிப்பா. கார்ப்பெட்டு பிரச்சினையோட வாரவங்க ரெண்டு மூணு வகை: ரிசார்ட்டுக்காரங்க, அணை, குளத்துல போட்டிங் விடுதவங்க, ஆசைக்குன்னு சொந்தமா ஒரு போட்டு வச்சிருக்கவங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்கு, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

## கேள்வியே தலைகீழா இருக்கு

பசைய எப்படி எடுக்கன்னு கேக்கதுக்கு முன்னால, எடுத்த பொறவு மேல என்ன போடப் போறீங்கன்னு முடிவு பண்ணணும். ஏன்னா எவ்வளவு எடுக்கணும்ங்கத அதுதான் சொல்லும்.

மறுபடி கார்ப்பெட்டே ஒட்டப் போறீங்களா? தரை பளிங்கு மாதிரி ஆவ வேண்டிய அவசியமே இல்ல. ஆடுதது, உரியுதது, மேடு தட்டுதது எல்லாம் போயிட்டா போதும், நகத்த வச்சு நோண்டுனாலும் வராத மெல்லிய படலம் இருந்தா இருந்துட்டுப் போவுது, அது மேலயே புதுப் பசை புடிக்கும். ஈவா ஃபோம் ஷீட்டு (செருப்புக்குப் போடுத மெத்து ஃபோம் மாதிரி, அடியில பசையோட வருத ஷீட்டு) ஒட்டப் போறீங்களா? அப்பம் சுத்தமா எடுக்கணும், அரிசி அளவு பசை இருந்தாலும் மேல முட்டிக்கிட்டுத் தெரியும், ஷீட்டோட அடிப்பசையும் பழைய ரப்பர் மேல நிக்காது. நான்-ஸ்லிப் பெயிண்டு அடிக்கப் போறீங்களா? சுத்தமோ சுத்தம். பழைய பசைத் துளி மேல பெயிண்டு பட்டா பெயிண்டுல உள்ள தின்னர் அத இளக்கி, நாலு நாளுல கிழவி கன்னம் மாதிரி சுருங்கிப் போவும். சும்மா மேட்டு விரிக்கப் போறீங்கன்னா, கால்ல ஒட்டாத அளவுக்கு எடுத்தாலே சோலி முடிஞ்சுது.

ஒரு நாள் வேலையும் நாலு நாள் வேலையும் பிரியுத எடம் இதுதான். ஒருத்தர் நாலு நாள் ஆளு வச்சு ஜெல்கோட்டு, அதாவது பைபரோட மேல்தோல், பளபளங்க வரைக்கும் எடுத்துட்டு, கடைசில அது மேல கார்ப்பெட்ட ஒட்டுனார். அந்தக் கூலிக்கு இன்னொரு ரோல் கார்ப்பெட்டே வாங்கியிருக்கலாம்.

## எத வச்சு தராசு புடிக்க

நான் பாக்கது அஞ்சு விசயம்.

மொத விசயம் ஜெல்கோட்டு. பைபர் போட்டோட மேல்தோல் அது, கனம் அர மில்லிமீட்டர் வாக்குலதான் இருக்கும். அது போச்சுன்னா அடியில மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசினும்தான், தண்ணி பையப் பைய உள்ள எறங்கும். ரெண்டாவது கூலி நாள், பொருள் செலவ விட எப்பவும் இதுதான் ஜாஸ்தி. மூணாவது வேலை பாக்குத ஆளுக்கு ஆபத்து. நாலாவது வெயிலும் உப்பும், நம்ம ஊரு சித்திரை வெயில்ல திறந்த போட்டுத் தரையில கை வைக்க முடியாது, அந்தச் சூட்டுக்குப் பசை நிக்கணும். அஞ்சாவத யாருமே யோசிக்கது இல்ல: இப்ப ஒட்டுதத நாளைக்கு இன்னொருத்தன் எடுக்கணுமே, எடுக்க வருமா? அந்த இன்னொருத்தன் பெரும்பாலும் நீங்களேதான்.

## தொடுததுக்கு முன்னால

சீட்டு, கொக்கி, மூடி எல்லாத்தையும் கழட்டிருங்க. பழசுல ஸ்டேப்ளர் பின்னு அடிச்சிருப்பாங்க, துருப்புடிச்சு பாதி ஒடிஞ்சு நிக்கும், குறடு வச்சு ஒவ்வொண்ணாப் புடுங்குங்க, இல்லாட்டி சொரண்டுத பட்டித் தகடு அதுல முட்டி வாய் போயிரும்.

பொறவு தரைய ஒரு ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டிக்கிட்டே வாங்க. தேங்கா தட்டிப் பாப்போம்லா, அதே கணக்குதான். டங்குன்னு கேட்டா நல்லது, பொத்துப் பொத்துன்னு கேட்டா அடியில உள்ள பிளைவுட்டு ஊறிப் போச்சு. நெறைய போட்டுல தரைங்கது பிளைவுட்டு மேல பைபர் போத்துனதுதான், வருசக் கணக்கா ஈரக் கார்ப்பெட்டு கெடந்து ஸ்க்ரூ ஓட்டை வழியா தண்ணி எறங்கி பலகை மக்கியிருக்கும். அப்படி இருந்தா பசைய மறந்துருங்க, தரைய அறுத்து மாத்துத வேலை அது.

இன்னொண்ணு, ஸ்க்ரூ ஓட்டை எல்லாத்தையும் டேப்பு போட்டு அடைங்க. நம்ம கரையில 2004 சுனாமிக்குப் பொறவு பைபர் வள்ளம் பெருகிப் போச்சு, அதுல மெதக்கதுக்கு அடியில தெர்மாகோல் வச்சது நெறைய உண்டு, உங்க போட்டுலயும் இருக்கலாம். அசிட்டோனோ தின்னரோ பெட்ரோலோ அந்த ஓட்டை வழியா எறங்குச்சுன்னா தெர்மாகோல் பஞ்சு மிட்டாய் வாயில கரையுத மாதிரி கரைஞ்சிரும். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. போட்டு என்னைக்காவது கவுரும்போதுதான் தெரியும்.

## என்ன பசைன்னு கண்டுபுடிக்கது

ஒரு துணியில அசிட்டோன் நனைச்சு ஒரு நிமிசம் வச்சுத் தேயுங்க. நூல் நூலா சவ்வு மாதிரி இழுத்தா ரப்பர் பசை, அதாவது காண்டாக்ட் சிமென்ட் வகை. வெந்நி ஊத்துனாலே வெள்ளையா இளகுனா தண்ணி கலந்த லேட்டக்ஸ் வகை, அதிர்ஷ்டசாலி நீங்க. ரெண்டுக்கும் அசையாம கல்லு மாதிரி நின்னா பியூ (பாலியூரித்தேன்) அல்லது எபாக்ஸி, அதுக்குத் தகடும் மெஷினும் தவிர வேற வழி கெடையாது. சில சமயம் பசையே நல்லாத்தான் இருக்கும், கார்ப்பெட்டோட அடி ரப்பர்தான் மாவா உதிரும், அதுக்குக் கட்டை பிரஷ்ஷும் பிரஷர் வாஷரும் போதும்.

## எடுக்குத வழி 1: வெயிலும் தகடும்

காசு இல்லாத வழி, நம்ம ஊருக்குன்னே அமைஞ்ச வழி. வெளிநாட்டுக்காரன் ஹீட் கன் வாங்கிப் பண்ணுதத இங்க சூரியன் ஓசில பண்ணித் தருது. கருப்புப் பாலித்தீன் ஷீட்ட தரையில விரிச்சு ஓரத்துல கல்லு வச்சு, காலைல 11 மணியில இருந்து விட்டா 1 மணிக்கெல்லாம் ரப்பர் பசை அல்வா பதத்துக்கு வந்துரும். ஒரு முழம் ஷீட்ட மட்டும் விலக்கி, பட்டித் தகட்ட நல்லா சாய்ச்சு வச்சு தள்ளுனா சுருள் சுருளா வரும். தகட்டோட ரெண்டு மூலையையும் மொதல்லயே அரம் வச்சு உருட்டிருங்க, கூரா இருந்தா ஜெல்கோட்டுல கோடு போட்டுரும்.

எல்லாப் பசையும் சூட்டுல இளகும்னு சொல்ல முடியாது. வயசான பசை சிலது விடியக்காலம் குளிர்ந்து இருக்கும்போதுதான் ஓடு மாதிரி பொட்டுப் பொட்டுன்னு தெறிக்கும், மத்தியானம் பாத்தா அதே பசை சூயிங்கம். அதனால ஒரு மூலையில காலைல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ சொரண்டிப் பாத்துட்டு ஆளக் கூப்பிடுங்க.

மறைஞ்சு நிக்குத செலவு முதுகுதான். 16 அடி போட்டுல குனிஞ்சு உக்காந்து வெயில்ல சொரண்டுனா மூணாவது நாள் ஆளு வரமாட்டான்.

## வழி 2: ஹீட் கன்

வேகம். மழை நாள்லயும் ஷெட்டுக்குள்ள பண்ணலாம். பக்கச்சுவர், மூடியோட உள்பக்கம்னு வெயில் படாத எடத்துக்கு நல்லது. ஆனா ஒரு கணக்கு தெரிஞ்சுக்கிடணும்: சாதா பாலியஸ்டர் ரெசின் 60, 70 டிகிரி வாக்குலயே இளக ஆரம்பிக்கும், ஹீட் கன்னோ 500 டிகிரிக்கு மேல காத்து தள்ளுத சாமான். ஒரே எடத்துல ரெண்டு நிமிசம் காட்டிக்கிட்டு போன் பேசுனீங்கன்னா ஜெல்கோட்டு அப்பளம் மாதிரி பொங்கி மஞ்சளாயிரும், அப்படி ஒரு போட்டு என்கிட்ட வந்துச்சு, பசை எடுக்க வந்த வேலை ஜெல்கோட்டு போடுத வேலையா முடிஞ்சுது. குறைச்ச சூட்டுல வச்சு, கைய நிறுத்தாம ஆட்டிக்கிட்டே, பசை இளகுன உடனே தகடு போடணும். சூடு காட்டுன எடத்துல உள்ளங்கைய வச்சா சுரீர்னு இழுத்துக்கிட வேண்டியிருந்தா ஜாஸ்தி.

ஒரு கையில ஹீட் கன், பக்கத்துல தின்னர் டப்பான்னு மட்டும் வேலை பாக்காதீங்க. ரெண்டுல ஒண்ணுதான்.

## வழி 3: கெமிக்கல்

இதுலதான் ஆளுக ரொம்பக் குழம்புதாங்க, அதனால கொஞ்சம் நின்னு சொல்லுதேன்.

அசிட்டோன். பைபர் கடையிலயே கெடைக்கும், நாங்க பிரஷ் கழுவுததே இதுலதான். ரப்பர் பசைய நல்லா இளக்கும். ஆனா 56 டிகிரியில கொதிக்கத சாமான், நம்ம வெயில்ல ஊத்துன கையோட ஆவியாயிரும், பசை இளக நேரமே கெடைக்காது. துணிய நனைச்சுப் போட்டு மேல பாலித்தீன் மூடி அஞ்சு நிமிசம் வச்சாத்தான் வேலை செய்யும். அதுக்காக அர மணிக்கூறு ஊற வைக்காதீங்க, ஜெல்கோட்டும் மங்கி மெத்துன்னு ஆயிரும்.

என்சி தின்னர், டொலுயின் கலந்த பசைத் தின்னர். அசிட்டோன விட நிதானமா காயும், அதனால ரப்பர் பசைக்கு இன்னும் நல்லா கேக்கும். தலை சுத்தும். கைக்குட்டை கட்டிக்கிட்டா போதும்னு நெனைக்காதீங்க, தூசி மாஸ்க் ஆவிய நிறுத்தாது, கரி டப்பா வச்ச மாஸ்க்தான் வேணும்.

மண்ணெண்ணெய், டீசல், தேங்காண்ணெய். பலாப்பழம் வெட்டும்போது கையில எண்ணெய் தடவுவோம்லா, அதே சூத்திரம்தான், வேலையும் செய்யும். மலிவு, ஜெல்கோட்டுக்குப் பெருசா ஒண்ணும் ஆவாது. பிரச்சினை எடுத்த பொறவு ஆரம்பிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு தரையில நின்னா எந்தப் புதுப் பசையும் புடிக்காது. ரெண்டு தடவ சோப்புத் தண்ணி, ஒரு தடவ அசிட்டோன் துடைப்பு, இதையும் கூலில சேத்துக் கணக்குப் போடணும்.

பெயிண்ட் ரிமூவர். இரும்புக் கதவுல தடவுனா பெயிண்டு பொங்கி வருமே, அது. டைகுளோரோமீத்தேன் உள்ளது பெயிண்டுக்கும் ஜெல்கோட்டுக்கும் வித்தியாசம் பாக்காது, ரெண்டையும் பொங்க வச்சிரும். ஆளையும் சாய்க்கும், மூடுன எடத்துல இத வச்சு வேலை பாத்தவங்க செத்துப் போன கதையெல்லாம் உண்டு, அமெரிக்காவுல 2019லயே பொதுமக்களுக்கு விக்கத பெயிண்ட் ரிமூவர்ல இது கூடாதுன்னுட்டாங்க. போட்டுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

பெட்ரோல். சொல்லவே வேண்டியதில்லைன்னு நெனச்சேன், ஆனா பண்ணுதாங்க. வேண்டாம்.

கெமிக்கல்ல மறைஞ்சு நிக்குத பெரிய செலவு ஆவிதான். இதோட ஆவி எல்லாம் காத்த விட கனம், போட்டுங்கது ஒரு கிண்ணம், ஆவி அடியில போய்த் தேங்கி நிக்கும். அசிட்டோன் பூஜ்யத்துக்குக் கீழ 20 டிகிரியிலயே தீப்புடிக்கத அளவு ஆவி விடுத சாமான், நம்ம ஊருல 38ல நிக்கோம். பேட்டரி வயரக் கழட்டுங்க, பில்ஜ் பம்ப் (போட்டு அடியில தேங்குத தண்ணிய எறைக்குத பம்பு) தானா ஓடிறக் கூடாது, பீடி பத்த வைக்க கரையேறிப் போங்க. கையுறையும் சாதா நைட்ரைல்னா அசிட்டோனுக்குக் கொஞ்ச நேரம்தான் தாங்கும், பியூட்டைல் ரப்பர் வாங்குங்க. அழுக்குத் துணியையும் மிச்சத் தின்னரையும் ஆத்துல குளத்துல ஊத்துனா அந்தத் தண்ணியத்தான் நாளைக்கு குழாயில புடிக்கணும்ங்கத ஞாபகம் வச்சுக்கிடுங்க.

## வழி 4: கிரைண்டர், மல்டி டூல்

"எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு, கிரைண்டர்ல ஒரே இழுப்பு" அப்படின்னு ஒரு தம்பி சொன்னான். இழுத்தான். ரப்பர் பசை உருகி உப்புத்தாள் பூராவும் அப்பி, அஞ்சு நிமிசத்துக்கு ஒரு டிஸ்க், அதுக்கு நடுவுல எங்க பசை எடுபட்டுச்சோ அங்க ஜெல்கோட்டும் கூடவே போயி மேட்டு நார் தெரியுது. பசை மெத்து, ஜெல்கோட்டு கெட்டி, ஆனா மெஷினுக்கு மெத்துதான் கஷ்டம். கம்பி பிரஷ்ஷும் அப்படித்தான், பசைய இழுவிவிட்டுட்டு ஜெல்கோட்டக் கீறும்.

மெஷின்னு போனா மல்டி டூல்ல மொட்டைத் தகடு மாட்டிக்கிடுங்க, நடுங்கி நடுங்கி பசைக்கு அடியில பூந்து எடுக்கும், பியூ பசைக்கு இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச மருந்து. கார்ல ஸ்டிக்கர் எடுக்க டிரில்லுல மாட்டுத ரப்பர் சக்கரம் உண்டு, மெல்லிசா நிக்குத பசைய அது அழி ரப்பர் மாதிரி உருட்டி எடுத்துரும், ஜெல்கோட்டுல கீறலும் விழாது. உப்புத்தாள்ங்கது பசை எல்லாம் எடுத்து முடிச்ச பொறவு, கடைசியா 80 நம்பர்ல ஒரு தடவ சொறிவிடத்தான்.

அப்பம் பறக்குத தூசி கண்ணாடித் தூசி. முழுக்கை சட்டை, மாஸ்க், கண்ணாடி. அரிச்சா மொதல்ல பச்சைத் தண்ணில கழுவுங்க, சொறியாதீங்க.

## ஒரே பார்வையில

| வழி | எதுக்கு நல்லது | ஜெல்கோட்டுக்கு ஆபத்து | கூலி நாள் | தெரியாம வருத செலவு |
|---|---|---|---|---|
| வெயில் + தகடு | ரப்பர் பசை, திறந்த தரை | குறைச்சல் | நடுத்தரம் | முதுகுவலி, வெயில் நாளுக்குக் காத்திருக்கது |
| ஹீட் கன் | பக்கச்சுவர், மூடி, மழை நாள் | அசந்தா ஜாஸ்தி | குறைச்சல் | பொங்கிப் போன ஜெல்கோட்டு |
| அசிட்டோன், தின்னர் | மிச்சம் மீதி துடைக்க | ஊற விட்டா உண்டு | நடுத்தரம் | தீ, ஆவி, தெர்மாகோல் |
| மண்ணெண்ணெய் வகை | அவசரம் இல்லாதவங்க | இல்லைன்னே சொல்லலாம் | ஜாஸ்தி | பிசுக்கு எடுக்குத ரெட்டை வேலை |
| கிரைண்டர் | எபாக்ஸி கட்டி | ரொம்ப ஜாஸ்தி | வேகம் மாதிரி தெரியும் | டிஸ்க், ஜெல்கோட்டு ரிப்பேர் |
| மல்டி டூல் | பியூ பசை, ஓரம் மூலை | குறைச்சல் | நடுத்தரம் | தகடு அடிக்கடி மாத்தணும் |

நான் பண்ணுதது கலப்படம்: முக்காவாசி வெயிலும் தகடும், ஓரத்துக்கு மல்டி டூல், கடைசித் துடைப்புக்கு மட்டும் அசிட்டோன்.

சுத்தமாச்சான்னு பாக்க ஒரு குவளைத் தண்ணிய தெளிச்சுப் பாருங்க. சேம்பு இலைல நிக்கத மாதிரி முத்து முத்தா உருண்டா பிசுக்கு இன்னும் இருக்கு. தகடு மாதிரி பரவி நின்னா ஒட்டலாம், காயவிட்டுட்டுதான்.

## இனி ஒட்டுத பசை

காண்டாக்ட் பசை (ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரி ரப்பர் பசை). எல்லா ஹார்டுவேர் கடையிலயும் உண்டு, தண்ணிக்கு அசராது. தரையிலயும் கார்ப்பெட்டு முதுகுலயும் ரெண்டு பக்கமும் தடவி, விரல வச்சா இழுக்கணும் ஆனா விரல்ல ஒட்டிக்கிட்டு வரக்கூடாதுங்கத பதம் வந்த பொறவு அமுக்கணும். பத்துப் பதினஞ்சு நிமிசம்னு சொல்லுவாங்க, நம்ம மத்தியான வெயில்ல அதுல பாதியிலயே பதம் தாண்டிரும், அதனால காலைல 9 மணிக்குள்ள முடிச்சிருங்க. பட்டா பட்டதுதான், நகத்த முடியாது. கார்ப்பெட்ட பாதி மடிச்சு, அந்தப் பாதிக்கு மட்டும் தடவி, நடுவுல இருந்து ஓரத்துக்கு அமுக்கிக்கிட்டே போயி, பொறவு மறுபாதி. ரோலர் இல்லாட்டி பூரிக்கட்டை போதும். ரெண்டு பக்கமும் தடவணும்கதால பசை வாங்கும்போது கணக்க ரெட்டிப்பாப் போடுங்க, இத மறந்துட்டு பாதி வேலையில கடைக்கு ஓடுதவங்க நெறைய.

ஒரு எச்சரிக்கை, கார்ப்பெட்டு முதுகு வினைல்னா அதுல உள்ள எண்ணெய் மாதிரி சாமான் பையப் பைய கசிஞ்சு ரப்பர் பசைய இளக்கிரும். முதுகு சாதா ரப்பர் அல்லது லேட்டக்ஸ் பூச்சுன்னா பயம் இல்ல.

தண்ணி கலந்த கார்ப்பெட்டு பசை. பல்லுக் கரண்டியால தரையில மட்டும் இழுவி, மேல விரிக்கது. நாத்தம் இல்ல, தீ பயம் இல்ல, பத்து நிமிசத்துக்கு நகத்திச் சரி பண்ணிக்கிடலாம், கத்துக்குட்டிக்கு இதுதான் தோது. ஆனா சிமெண்டுத் தரை தண்ணிய உறிஞ்சும், பைபர் உறிஞ்சாது, பசையில உள்ள தண்ணி கார்ப்பெட்டு வழியா மேலதான் போவணும், அதனால காய ரெண்டு மூணு நாள் கூட ஆவும். முதுகு வினைல்னா காயவே காயாது. பக்கச்சுவருக்கும் ஆவாது, வழிஞ்சு எறங்கிரும். பேரு ஒண்ணுபோல இருக்குன்னு மர வேலைக்கு உள்ள வெள்ளை ஃபெவிகால வாங்கிறாதீங்க, தண்ணி பட்டா பாலாயிரும்.

பியூ பசை. நிக்கும். அடுத்த ஜென்மம் வரைக்கும் நிக்கும். அதான் பிரச்சினையே. ஓரத்துல, மூடி விளிம்புல ஒரு கோடு இழுக்க மட்டும் சரி.

ஸ்ப்ரே பசை. நிழல்ல உள்ள கேபின் கூரைக்குச் சரி, அதுவும் சூடு தாங்கும்னு போட்டதா பாத்து வாங்கணும். திறந்த தரைக்கு ஒரு கோடை கூட தாங்காது.

என் ஓட்டு: தரைக்கும் சுவருக்கும் காண்டாக்ட் பசை, தனியா முதல் தடவ பண்ணுதவங்க தரைக்கு மட்டும் தண்ணிப் பசை.

## ஒட்டத்தான் வேணுமா?

கார்ப்பெட்டுக்கு நல்லது உண்டு. வெறுங்கால் சுடாது, சத்தம் அமுங்கும், மேடு பள்ளத்த மறைக்கும். போட்டுக்கு உள்ளது பாலிபுரோப்பிலீன் நூல், நூல் மக்காது, ஆனா நூலுக்கு நடுவுல உப்பும் மண்ணும் ஈரமும் நிக்கும். 16 அவுன்ஸ்னு (ஒரு சதுர கெஜத்துக்கு உள்ள எடை அது) விக்கத ரகம் ஒரு சதுர மீட்டருக்கு அரக்கிலோவுக்குக் கொஞ்சம் மேல, 20 அவுன்ஸ் முக்காக்கிலோவுக்குக் கொஞ்சம் கீழ, அது காஞ்ச கணக்கு. நனைஞ்சா நீங்களே தூக்கிப் பாருங்க. பழசு மெல்லிசா இருந்து புதுசு கனமா வாங்குனா தரை மூடி எதுவும் மூடாது, இதுவும் ஒரு மறைமுகச் செலவு, மூடி விளிம்ப எல்லாம் அறுத்துக்கிட்டு நிக்கணும்.

ஈவா ஃபோம் தண்ணி குடிக்காது, கழுவுனா அஞ்சு நிமிசத்துல காஞ்சிரும், பாக்கவும் எடுப்பா இருக்கும். கருப்பு, கரும்பழுப்பு வாங்கிட்டு மத்தியானம் அதுல வெறுங்கால வச்சுப் பாருங்க, தீ மிதிச்ச புண்ணியம். வெளிர் சாம்பல் வாங்குங்க.

நான்-ஸ்லிப் பெயிண்டு, ரெண்டு பேக் (ரெண்டு டப்பாவக் கலந்து அடிக்குத) பியூ பெயிண்டுல குவார்ட்ஸ் மணல் தூவுதது. உப்புத்தண்ணி போட்டுக்கு இத மிஞ்ச ஒண்ணும் இல்ல. கடக்கரை மண்ண சலிச்சுப் போடலாமான்னு கேக்காங்க, உப்பு இருக்குத மண்ணப் போட்டா பெயிண்டு அடியில இருந்து கெளம்பும். முட்டி போட்டு உக்காந்தா தோல் சீவும், அதையும் சொல்லிருதேன்.

பிவிசி நூடுல்ஸ் மேட்டு அல்லது ஓரத்துல அமுக்குப் பட்டன் வச்ச கார்ப்பெட்டு, ராத்திரி கழட்டிக் கொடியில போட்டா காலைல காஞ்சிருக்கும். ஓடும்போது காத்துல பறக்காம இருக்க பட்டன் கட்டாயம். பத்தமடைப் பாய் விரிச்சா என்னன்னு ஒரு ரிசார்ட்டுக்காரர் கேட்டார். அழகாத்தான் இருக்கும், ரெண்டு நாளைக்கு.

## எந்த மாசம்

பசை எடுக்க சித்திரை, வைகாசி. ஆனா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையேறி ரிப்பேருக்கு நிக்கும், பைபர் ஆளு கெடைக்கது குதிரைக் கொம்பு, முன்னாலயே சொல்லி வைங்க. ஆனி, ஆடி கச்சான் காத்து அடிக்கும்போது ராதாபுரம், பணகுடி பக்கம் திறந்த வெளியில பசை தடவுனா காத்தாடி சுத்துத வேகத்துல செம்மண் வந்து அப்பிரும், அந்தத் தூசி மேல ஒட்டுன கார்ப்பெட்டு தூசியோடதான் ஒட்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலயும் குத்தாலம் சாரல்லயும் இன்னொரு தொந்தரவு: காண்டாக்ட் பசை காயும்போது குளிர்ந்து காத்துல உள்ள ஈரத்த இழுத்து மேல வெள்ளை படரும், அது தெரிஞ்சா ஒட்டாதீங்க, ஈரம் போன பொறவு இன்னொரு கை தடவிட்டுதான்.

## யாருக்கு எது

குத்தாலம், தென்காசி பக்கம் ரிசார்ட்டுக் குளத்துல ஓட்டுதவங்க: நல்ல தண்ணி, நிழலும் உண்டு, வாரவங்க செருப்போட ஏறுதாங்க. தரைக்கு நான்-ஸ்லிப், சீட்டுக்குக் கீழயும் பக்கச்சுவருக்கும் மட்டும் கார்ப்பெட்டு. சீசன் தொடங்க முன்ன வைகாசிலயே முடிச்சிருங்க.

உவரி பக்கம் கடல்ல எறக்குதவங்க: கார்ப்பெட்டயே மறந்துருங்க. பசைய சுத்தமா எடுத்துட்டு பெயிண்டு. எடுக்குத கூலி ஒரு தடவதான்.

வீட்டுல புள்ளைகளோட மாசத்துக்கு ஒருக்கா போறவங்க, மத்த நாள் ஷெட்டுல நிக்கும்: கார்ப்பெட்டே ஒட்டுங்க, பழைய பசை மேட்ட மட்டும் தட்டிட்டு, காண்டாக்ட் பசையில.

வித்துரப் போறவங்க: நூடுல்ஸ் மேட்டு.

இன்னும் முடிவு பண்ண முடியலையா, பெரிய தரையத் தொடாதீங்க. ஒரே ஒரு மூடியக் கழட்டி, அதுல பாதி பழைய பசை மேலயும் பாதி சுத்தம் பண்ணியும் நீங்க வாங்குன கார்ப்பெட்ட நீங்க வாங்குன பசையில ஒட்டி, ரெண்டு வாரம் தட்டட்டில வெயில்ல போட்டு தெனமும் ஒரு வாளித் தண்ணி ஊத்துங்க. பதினஞ்சாவது நாள் மூலையப் புடிச்சு இழுத்துப் பாத்துட்டு எனக்கு போன் போடுங்க, அப்பம் பேசுவோம்.